எட்டு க்ளிக் இடது பக்கம்

துப்பாக்கிக் கழகத்தில் ஆயுத அறையைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாளுக்கு ‘சந்தேகம் அக்கா’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியும். இருபத்தாறு வருடம் எடை அளவு ஆய்வாளராக வேலை பார்த்தவர். தராசுத் தட்டுக்கு அடியில் ஒட்டிய காந்தத்தையும் உள்ளே குடைந்த எடைக்கல்லையும் பார்த்துப் பார்த்து, ஒருவர் சிரித்தாலே எதை மறைக்கிறார் என்று யோசிக்கும் புத்தி வந்துவிட்டது. ஓய்வு பெற்று ஒரு மாதம் வீட்டில் இருந்தார். அதற்குள் கணவர் பத்து கிலோ இளைத்துவிட்டார் என்றும், மகள்தான் ஓடோடிப் போய் இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தாள் என்றும் கழகத்தில் சொல்லிச் சிரிப்பார்கள்.

அவர் வந்ததும் போட்ட முதல் சட்டம்: துப்பாக்கியை யார் தொட்டாலும், எதற்குத் தொட்டாலும், பதிவேட்டில் எழுதியாக வேண்டும்.

கழக அணிக்கான தேர்வுப் போட்டிக்கு ஆறு நாள் இருக்கும்போது, அங்கே சுடப் பழகிக்கொண்டிருந்த பல் டாக்டர் இலக்கு அட்டையோடு ஆயுத அறைக்குள் வந்தார். முகம் வெளிறியிருந்தது.

“அக்கா, இந்த ஸ்கோப் என் பேச்சையே கேக்க மாட்டேங்குது. எட்டு க்ளிக் இடது பக்கம் திருப்பினேன். குண்டு அதே இடத்துலதான் விழுது. ரெண்டு சுட்டதுக்கு அப்புறம் திடீர்னு தாவுது. ஒரேயடியா ரெண்டு அங்குலம்!”

துப்பாக்கியின் மேல் இருக்கும் அந்தக் குட்டித் தொலைநோக்கிக்குப் பக்கவாட்டில் ஒரு டயல் உண்டு. ஒவ்வொரு க்ளிக்குக்கும் குண்டு விழும் இடம் கொஞ்சம் நகர வேண்டும். நூறு மீட்டரில் நான்கு க்ளிக் சேர்ந்தால் ஓர் அங்குலம். கணக்கு அவ்வளவுதான்.

டாக்டர் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “செவ்வாய்க்கிழமை ஒரு நோயாளி போன் பண்ணாங்க. துப்பாக்கிய மேசைல வெச்சுட்டு வெளிய போனேன். அப்போ பக்கத்து மேசைல கணக்கு வாத்தியார் மட்டும்தான் இருந்தார்.”

அணியில் மிச்சமிருந்தது ஒரே இடம். அதற்குப் போட்டி போட்டவர்கள் இந்த இருவர்தான். அக்காவுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? வாத்தியாரை அன்றே பிடித்தார்.

“செவ்வாய்க்கிழமை டாக்டர் வெளிய போனப்ப நீங்க எங்க சார் இருந்தீங்க?”

“கொஞ்ச நேரம் மேசைல. அப்புறம் பாத்ரூம்ல.”

“எவ்வளவு நேரம்?”

“ஏம்மா, அதையும் பதிவேட்ல எழுதணுமா?”

சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பே அக்காவுக்குப் பிடிக்கவில்லை. மடியில் கனம் இருப்பவன்தான் வேடிக்கை பேசுவான் என்று நினைத்துக்கொண்டார்.

டாக்டரின் ஸ்கோப் டயலிலும் ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையிலும் நகப்பூச்சால் முடி போல மெல்லிய கோடு இழுத்தார். யார் திருகினாலும் கோடு விலகிவிடும். அலமாரியைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். அடுத்த நாள் பார்த்தால் ஒரு கோடுகூட அசையவில்லை. டாக்டர் டயலைத் திருப்பிச் சுட்டார். மறுபடியும் அதே கதை: இரண்டு குண்டு நகரவில்லை, மூன்றாவது தாவியது.

ஆள் இல்லையென்றால் பொருள். அக்கா ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டார். தோட்டா ரகம் மாறியதோ என்று ஒரே பெட்டியிலிருந்து மட்டும் சுடச் சொன்னார். ஸ்கோப்பைத் தாங்கும் அடித்தட்டு ஆடுகிறதோ என்று அசைத்துப் பார்த்தார், ஆடவில்லை. கடைசியில் டாக்டரின் கையையே சந்தேகப்பட்டார்.

“வேற யாராவது சுட்டுப் பாக்கணும். கழகத்துல ஆடாத கை வாத்தியாருக்குத்தான்.”

“அவரா!” என்றார் டாக்டர்.

“நான் பக்கத்துலயே நிப்பேன். கண்ணைக்கூடச் சிமிட்ட மாட்டேன்.”

வாத்தியார் மணல் மூட்டையில் துப்பாக்கியைச் சாய்த்து மூன்று குண்டு சுட்டார். முதல் இரண்டு நகரவில்லை. மூன்றாவது தாவியது. கை மாறியும் நோய் மாறவில்லை.

வாத்தியார் அட்டையை உற்றுப் பார்த்தார். “டயல் கேக்குது, ஆனா லேட்டா கேக்குது. உள்ள ஏதோ சிக்கிக்கிட்டு நிக்குதுன்னு நினைக்கிறேன். சுடுற அதிர்ச்சில விடுபட்டு நகருது.”

அக்கா ஸ்கோப்பைப் பிடித்திருந்த இரண்டு வளையங்களையும் கழற்றினார். டயலை ஒட்டிய வளையம் இருந்த இடத்தில், குழாயைச் சுற்றி, மோதிரம் இறுகிய விரலில் விழுவது போலத் தடம் விழுந்திருந்தது. வெளிக்குழாயை அவ்வளவு நெரித்திருந்ததால், டயல் நகர்த்த வேண்டிய உள்குழாய்க்கு அசைய இடமில்லை.

இப்படி இறுக்கியது யார்? பதிவேட்டைப் புரட்டினார். திங்கட்கிழமைக்கு நேரே எழுதியிருந்தது: “வளைய ஸ்க்ரூக்கள் தளர்வாக இருக்குமோ என்ற ஐயத்தால் நன்கு இறுக்கப்பட்டன.” கையெழுத்து அக்காவுடையது.

அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை. அவரைத் தவிர அந்தப் பதிவேட்டை யாரும் திறந்து பார்ப்பதில்லை. தாளைக் கிழித்தால் கேட்க ஆளில்லை. எத்தனை கடைக்காரர்கள் இந்த இடத்தில் நின்று இதையே யோசித்திருப்பார்கள் என்று தோன்றியது. எழுந்து போய் டாக்டரையும் வாத்தியாரையும் கூப்பிட்டு, பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தார்.

“நாந்தான். என்னைத் தவிர எல்லாரையும் சந்தேகப்பட்டேன். சார், உங்களை நான் கேட்ட கேள்வி தப்பு.”

வாத்தியார் படித்துவிட்டு, “ஸ்க்ரூவையும் நம்பலியாம்மா நீங்க?” என்றார். டாக்டர் பதிவேட்டைப் பட்டென்று மூடினார்.

அளவான இறுக்கம் வந்ததும் ‘டக்’கென்று விட்டுவிடும் முறுக்குச் சாவியை வாங்கி வந்து வளையங்களை மறுபடி மாட்டினார்கள். பிறகு சோதனை. முதலில் ஒரு குண்டு, அப்புறம் ஒவ்வொரு திருப்பலுக்கும் ஒன்று: எட்டு க்ளிக் வலது, எட்டு மேலே, எட்டு இடது, எட்டு கீழே. அட்டையில் சதுரமாக ஓட்டைகள் விழுந்தன. கடைசிக் குண்டு முதல் ஓட்டையின் விளிம்பிலேயே போய் உட்கார்ந்தது.

ஆனாலும் நான்கு நாள் பயிற்சி போனது போனதுதான். தேர்வில் வாத்தியார் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். ‘அக்கா’ என்று கூப்பிட்ட டாக்டரின் வாய் அதன்பிறகு ‘மேடம்’ என்றது. அதையும் அக்கா பொறுத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து அவருக்குக் கடைவாய்ப்பல்லில் பயங்கர வலி. ஊரில் வேறு பல் டாக்டர்கள் இல்லாமலில்லை. ஆனாலும் அவர் இவரிடமே போனார். நாற்காலியில் சாய்ந்துகொண்டு, “அந்த ஊசில என்ன இருக்கு?” என்று கேட்டார்.

டாக்டர் முதலில் முறைத்தார். பிறகு மருந்துக் குப்பியை எடுத்து, அவர் கண்ணெதிரே பெயரையும் காலாவதித் தேதியையும் சத்தமாகப் படித்தார். “போதுமா? வாயைத் திறங்க அக்கா.”

திறந்தார்.