கிட் வாங்க வந்தவர்களும் என் வயிற்றெரிச்சலும்

மருந்துக்கடையில் மூல வியாதிக்குக் களிம்பைக் கூடச் சத்தமாகக் கேட்பவர்கள், கர்ப்பம் பார்க்கும் கிட்டை மட்டும் கண்ணாலேயே கேட்பார்கள். டெல்லி மோதி பாக்கில் ஒரு கடையில் ஒன்பது வருஷமாகக் கவுண்டரில் நிற்கிறேன். கல்யாணமாகி எட்டு வருஷம், குழந்தை இல்லை. அந்தக் கிட்டை எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் பொறாமையாக இருக்கும். என்னைப் போல மாதாமாதம் காலண்டரை முறைத்துக்கொண்டு நிற்பவளிடம் அவர்கள் மறைக்க என்ன இருக்கிறது?

அவசரக்காரர்

கையில் மருதாணி அழியாத புது மாப்பிள்ளை ஒருவர் வந்தார். கல்யாணமாகிப் பத்து நாள்தானாம்.

“தேதி தள்ளிப்போகணும் சார். அதுக்கு முன்னாடி பார்த்தா, கர்ப்பம் இருந்தாலும் காட்டாது. காலையில முதல் சிறுநீர்ல பாருங்க, ரெண்டு கோடு விழுந்தாதான் கர்ப்பம்” என்றேன். தலையை ஆட்டிவிட்டு இரண்டு கிட் கேட்டார்.

“மதுரையிலேர்ந்து அம்மா தினம் போன் பண்றாங்க மேடம். ஒரு கோடாவது வந்துச்சுன்னு சொல்லிக்கிறேன்.”

நாலாவது

மூன்று வீடுகளில் வேலை பார்க்கும் செல்வி, கிட் வாங்கிப்போன மறுநாளே திரும்பி வந்தாள். இரண்டு கோடு. ஏற்கெனவே மூன்று பிள்ளைகள். கவுண்டரில் சாய்ந்து அழுதாள். டாக்டரைப் போய்ப் பார் என்று சொன்னேனே தவிர, உள்ளே பற்றி எரிந்தது. கோயில் கோயிலாகச் சுற்றிய எனக்கு இல்லை, வேண்டாம் என்பவளுக்கு நாலாவது! அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“உங்களுக்கென்னக்கா, பிக்கல் பிடுங்கல் இல்லாம இருக்கீங்க.”

கூட வேலை பார்ப்பவள்

பிரியா டெல்லியிலேயே பிறந்தவள். எங்கள் கடையில் பில் போடுகிறாள். போன வருஷம்தான் கல்யாணம். தலை சுற்றுகிறது என்றாள். நான்தான் தேதி கேட்டேன், நான்தான் கிட்டையும் கொடுத்தேன். இரண்டு கோடும் பளிச்சென்று விழுந்தன. கட்டிப்பிடித்து வாழ்த்தினேன். பிறகு ஸ்டோர் ரூமில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்று அழுதேன். அவளுக்குக் குழந்தை வந்ததற்காக அல்ல, அவள் சொன்ன வார்த்தைக்காக.

“அச்சா, ஒரு வாரம் தள்ளிப்போச்சா? நான் கவனிக்கவே இல்லக்கா!”

என் கதை

ஊருக்கெல்லாம் நாள் சொல்லும் நான், தேதிக்கு நாலு நாள் முன்பே பார்த்துவிடுவேன். ஒரு கோடுதான் வரும். குப்பையில் போட்டதை ஒரு மணி நேரம் கழித்து எடுத்து, ட்யூப் லைட்டில் காட்டிப் பார்ப்பேன். ஒருமுறை மங்கலாக இன்னொரு கோடு தெரிந்தது. நேரம் கடந்து தெரியும் கோட்டை நம்பாதீர்கள் என்று வாடிக்கையாளர்களிடம் படித்துப் படித்துச் சொல்பவள், மாமியாருக்கே போன் போட்டுவிட்டேன். மூன்றாம் நாள் மாதவிலக்கு வந்து எல்லாம் முடிந்தது.

இந்த மாதம் ஆறு நாள் தள்ளிப்போயிருக்கிறது. கிட் கைப்பையிலேயே கிடக்கிறது, பிரிக்கத் தைரியமில்லை. பிரியாவிடம் சொன்னேன். அவள் வயிற்றைத் தடவிக்கொண்டே சிரித்தாள்.

“அக்கா, இப்பதான் பார்க்கணும்னு நீங்கதானே எல்லாருக்கும் சொல்வீங்க?”

சொல்வேன்தான், ஆனால் எட்டு வருஷத்தில் யார் மீதும் பொறாமைப்படாமல் நான் கிட் விற்றது இந்த ஆறு நாள்தான், அதை ஏன் நானே கெடுத்துக்கொள்ள வேண்டும்?