முழு ஊசிதானா?

எங்கள் பீங்கான் யூனிட்டில் சூளையிலிருந்து இறங்கும் மின்சார பியூஸ் கட்டைகளைத் தட்டிப் பார்க்கும் வேலை மகேஸ்வரிக்கு. ஒவ்வொன்றையும் காதோரம் வைத்து விரலால் சுண்டுவாள். சத்தம் பிசகினால் ஓரம் கட்டிவிடுவாள். இந்த வேலைக்கு அவளைவிடப் பொருத்தமான ஆள் விருத்தாசலத்தில் கிடைக்காது. மனிதர்களையும் அவள் அப்படித்தான் பார்ப்பாள். டீக்கடைக்காரர் கிளாஸை நிரப்பிக் கொடுத்தால்கூட, "என்னாண்ணே இவ்ளோ தாராளம், நேத்துப் பாலா?" என்பாள்.

இந்தச் சந்தேகம் முற்றிப்போனது அவள் பிரசவத்தில். மகன் பிறந்தபோது, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இரவு நேரத்தில் வலி தெரியாமலிருக்க முதுகில் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரம்தான் சுகம். அப்புறம் வலி திரும்பி வந்து ஆளைப் பிழிந்தெடுத்துவிட்டது. மறுநாள் மதியம் அதே ஊசியைப் போட்டுக்கொண்ட அன்புக்கரசி டீச்சரோ பக்கத்து அறையில் வெகு நேரம் போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

மகேஸ்வரி தீர்ப்பு எழுதிவிட்டாள். டீச்சருக்கு முழு ஊசி, சூளையில் வேலை செய்கிறவளுக்குப் பாதி ஊசி. மீதியை நர்சு ஒதுக்கிவிட்டாள். யூனிட்டில் சாப்பாட்டு நேரத்தில் இந்தக் கதையைக் கேட்காத பெண் கிடையாது. நாங்களும் நம்பினோம். இல்லாதவர்களுக்குக் குறைத்துக் கொடுப்பது என்ன புதிதா? அதற்குப் பிறகு எங்களில் யாரும் அந்த ஊசியைக் கேட்டதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பெற்றுவிட்டு வந்தோம்.

போன ஐப்பசியில் அவள் தங்கை தென்றலுக்கு மாசம் நிறைந்தது. கம்மாபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள். சின்னதாக முள் குத்தினாலும் ஊரைக் கூட்டிவிடுவாள்.

"அக்கா, நீ கிட்ட நின்னு பாத்தாதான் நான் ஊசி போட்டுக்குவேன்" என்றாள்.

"நான் இருக்குறேன்டி. ஒரு சொட்டு குறைய வுட மாட்டேன்" என்று மகேஸ்வரி அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள்.

பழைய ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காமல் வேறொன்றில் சேர்த்தாள். வலி கூடி ஊசி போடும் நிலை வந்தபோது இரவாகிவிட்டது. மயக்க மருந்து டாக்டர் சாமிதுரை பொறுமைசாலி.

"ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேம்மா" என்றார். "இதே அளவு மருந்தை ராத்திரில போட்டா சிலருக்குச் சீக்கிரம் வலி திரும்பிடுதுன்னு ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றாங்க. பகல்ல கொஞ்சம் கூடுதலா நிக்குதாம். உடம்புக்குன்னு ஒரு பகல் ராத்திரி இருக்குதுல்ல, அதனால இருக்கலாம். எல்லாருக்கும் அப்படித்தானான்னு இன்னும் உறுதியா தெரியல. வலிச்சா சொல்லுங்க, மறுபடி தரலாம்."

மகேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "குறைச்சுப் போடறதுக்கு இப்புடி ஒரு கதையா? மருந்துக்குக் கூடவா நைட் ஷிப்டு? என் கண்ணு முன்னாடி எடுங்க சார்."

அவர் கோபப்படவில்லை. சீல் உடையாத மருந்தைக் காட்டினார், அளவைச் சொல்லிக்கொண்டே ஊசியில் ஏற்றினார். மகேஸ்வரி இமைக்காமல் பார்த்தாள். சொன்ன அளவு முழுதும் தங்கையின் முதுகில் இறங்கியது.

ஆனாலும் வலி சீக்கிரமே திரும்பியது. தென்றல் அலறினாள். டாக்டர் ஓடிவந்து மறுபடி மருந்து கொடுத்தார். திட்டுவதற்கு ஆள் தேடிய மகேஸ்வரிக்கு அன்று யாரும் அகப்படவில்லை. பழைய நர்சின் முகம்தான் நினைவுக்கு வந்தது. பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது.

மறுநாள் தென்றலின் மாமியார் கொளஞ்சியம்மாள் பார்க்க வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன்.

"பாதிதான் போட்டிருக்காங்க அத்தே" என்றாள் தென்றல். "உசுரு போயி உசுரு வந்துச்சு."

"இல்லடி" என்றாள் மகேஸ்வரி. "முழுசாதான் போட்டாங்க. நான் பாத்தேன். ராத்திரில சில பேருக்கு அப்படி ஆவுமாம். டாக்டர் பொய் சொல்லல."

அவள் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சை நான் கேட்டதேயில்லை. தென்றலும் கேட்டதில்லை போலும். அக்காவை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பிள்ளையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு கேட்டாள்:

"இப்புடிச் சொல்றதுக்கு உனக்கு என்னாக்கா குடுத்தாங்க?"