எங்க வீட்டுப் பெரியவனுக்குக் குணமான கதை

அக்கான்னு நான் சொல்றது எங்க வீட்டுப் பெரியவனைத்தான். முதல்லயே சொல்லிடறேன், நடுவுல வந்து யாரு எவருன்னு கேக்காதீங்க. வீட்ல மத்தவங்களுக்கு அவ பெரியவன், எனக்கு மட்டும் அக்கா. அவளே தனக்கு ஒரு பேரு வெச்சிருக்கா. அதை இங்க சொல்ல மாட்டேன். பெத்தவங்க வாய்ல வராத பேரு உங்களுக்கு மட்டும் எதுக்கு?

அவளுக்கு வாஷிங் மெஷின் ரிப்பேர் வேலை. தோள்ல ஒரு கறுப்புப் பை, அதுல ஸ்பேனர், டெஸ்டர், பெல்ட், ரப்பர் டியூப். மாடி மாடியா ஏறி இறங்குவா. மெஷினைக் கழட்டினா டிரம்முக்கு அடியில சட்டை பட்டன், குழந்தை சாக்ஸ், ஹேர்பின்னு ஏதாவது சிக்கியிருக்கும். வீட்டுக்காரங்க வேண்டாம்னு சொல்ற ஹேர்பின்னை மட்டும் துடைச்சு, பையோட சின்ன ஜிப்புக்குள்ள போட்டுக்குவா.

அந்த ஜிப்பை ஒரு நாள் அம்மா திறந்துட்டாங்க. அப்பா முதல்ல மீசைக்குள்ள சிரிச்சாரு. "யாருடா அந்தப் பொண்ணு?"

"யாரும் இல்லப்பா. எனக்குன்னு எடுத்து வெச்சது. நான் சின்ன வயசுலேருந்தே இப்படித்தான்."

அன்னையிலேருந்து அப்பா பேச்சை நிறுத்திட்டாரு. அம்மா திட்டறதை நிறுத்தல. அக்கா சாப்பாட்டை நிறுத்திட்டா. வேலை முடிஞ்சு வந்ததும் சுவத்தைப் பார்த்துப் படுத்துக்குவா. அழற சத்தம் பக்கத்து ரூம்ல எனக்குக் கேக்கும்னா, அம்மாவுக்குக் கேக்காதா என்ன?

யாரோ சொன்னாங்கன்னு அம்மா அவளை ஒரு மனநல ஆலோசகர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. டயர் கடைக்கு மேல ஒரு ரூம். அவங்க மருந்து எழுதற டாக்டர் இல்ல, உக்காந்து பேசறவங்க. ஆனா அம்மாவுக்கு டாக்டரம்மாதான். "எப்படியாவது சரி பண்ணிக் குடுத்துடுங்க டாக்டரம்மா"ன்னு, மிக்ஸியைக் கடையில விட்டுட்டு வர்ற மாதிரி உள்ள விட்டுட்டு, வெளியில பெஞ்சுல உக்காந்துட்டாங்க.

உள்ள நடந்ததை அக்கா எனக்கு மட்டும் சொல்லுவா. "உங்களை நான் எப்படிக் கூப்பிடட்டும்?" இதுதான் அந்தம்மா கேட்ட முதல் கேள்வியாம். இவ நேரம் பூரா அழுதுட்டு, கிளம்பறப்பதான் அந்தப் பேரைச் சொன்னாளாம். அடுத்த வாரம் கதவைச் சாத்தினதும், அந்தப் பேரைச் சொல்லித்தான் உக்காரச் சொன்னாங்களாம். இதைச் சொல்றப்போ அக்கா முகத்தைப் பார்க்கணுமே!

நீ ஆணா பொண்ணான்னு அவங்க தீர்ப்பு எழுதல. "அதை நான் சொல்றதுக்கில்ல. நீங்களும் இன்னைக்கே முடிவு பண்ணணும்னு அவசியமில்ல, மெதுவா பார்க்கலாம். ஆனா இது வியாதி இல்ல, நான் சரி பண்ண இதுல எதுவும் இல்ல. உங்க பயத்தைப் பத்திப் பேசுவோம், தூக்கம் வராததைப் பத்திப் பேசுவோம்"னாங்களாம். வீட்ல நம்பிக்கையா ஒருத்தர் இருந்தா, அவங்களை உங்களுக்குப் பிடிச்ச மாதிரி கூப்பிடச் சொல்லிப் பாருங்கன்னும் சொன்னாங்களாம்.

அந்த ஒருத்தர் நான்தான். மொட்டை மாடியில துணி காயப்போடறப்போ, "அக்கா, அந்தக் கிளிப்பை எடு"ன்னேன். கிளிப்பு டப்பாவையே கீழ போட்டுட்டா. ரெண்டு பேரும் குனிஞ்சு கிளிப்பு பொறுக்கிக்கிட்டே சிரிச்சோம்.

ஒரே ஒரு விஷயத்துலதான் எனக்கு அந்தம்மா மேல கோவம். வீட்ல இதைப் பத்தி மறுபடி பேசறதுக்கு முன்னாடி, போய்த் தங்க ஒரு இடம் பார்த்து வெச்சுக்கச் சொன்னாங்களாம். எங்க வீட்டை என்னன்னு நினைச்சாங்க? எங்கம்மா கத்துவாங்க, ஒத்துக்கறேன். அதுக்காகப் பெத்த பிள்ளையைத் தெருவுல விடற ஜென்மமா? நல்லா திட்டினேன்.

நாளாக ஆக அவ முகத்துல களை வந்துச்சு. ரெண்டாவது தடவை சாப்பாடு கேட்டு வாங்கினா. குளிக்கறப்போ பாட்டு வேற. அம்மாவுக்குத் தலைகால் புரியல. "என் கண்ணே பட்டுடும் போலிருக்குடி. பிள்ளை பழையபடி ஆயிட்டான்!" பழம் வாங்கிட்டு, டயர் கடை மாடியேறி நன்றி சொல்லப் போனாங்க.

பாவம், அந்தம்மா என்ன சொல்லுவாங்க? உள்ள பேசினதை வெளியில சொல்லக் கூடாது, அது அவங்க தொழில். "அவங்க சந்தோஷமா இருக்கறது எனக்கும் சந்தோஷம்தான்"னு மட்டும் சொல்லியிருக்காங்க. போதாதா? டாக்டரே சொல்லிட்டாங்க, குணமாயிடுச்சு! இனிமே அங்க போக வேண்டாம்னு அம்மா சொல்லிட்டாங்க. அக்கா வேலைக்குப் போற வழியில போய்க்கிட்டுதான் இருந்தா. அம்மா இந்தப் பக்கம் பொண்ணு தேட ஆரம்பிச்சுட்டாங்க.

ஒரு நாள் ராத்திரி எல்லாரும் சாப்பிட்டுட்டு இருக்கறப்போ போன்ல ஒரு போட்டோவை நீட்டினாங்க. "ஞாயித்துக்கிழமை பார்க்கப் போறோம்."

அக்கா தட்டைத் தள்ளி வெச்சா. "இந்தப் பொண்ணு என்னம்மா பாவம் பண்ணுச்சு? எனக்கு எதுவும் குணமாகல. குணமாக வியாதியே இல்ல. நான் பொண்ணும்மா. அதை ஒருத்தங்க காது குடுத்துக் கேட்டாங்க. அதனாலதான் தூங்கறேன், அதனாலதான் சாப்பிடறேன். என்னைப் பார்த்துப் பார்த்துப் பூரிச்சீங்களே, அந்தச் சந்தோஷமே இதனாலதாம்மா வந்துச்சு."

அம்மா போனை ஆஃப் பண்ணிக் கீழ வெச்சாங்க.

"அப்படி வர்ற சந்தோஷம் எனக்கு வேண்டாம். நீ அழுதுக்கிட்டுக் கிடந்தப்பவே நல்லா இருந்தே. அப்படியே கிடக்கறதா இருந்தா இரு. இல்லேன்னா வெளியில போ."

அய்யோ, பெத்த வாயா அது? நான் கத்தின கத்துல பக்கத்து வீட்டு லைட்டெல்லாம் எரிஞ்சுது. அப்பா எழுந்து கை கழுவினாரு. வாசக்கதவைத் திறந்து வெச்சுட்டு ஓரமா நின்னாரு, மகராசன்.

அக்கா கறுப்புப் பையை எடுத்துக்கிட்டா. பார்த்து வெச்சிருந்த இடத்துக்குத்தான் போனா. அவளை மாதிரியே ரெண்டு பேரு வாடகைக்கு இருக்கற ரூம். அந்தம்மாவை அவ்வளவு திட்டினேனே, எங்க வீட்டை என்னைவிட அவங்கதான் சரியா எடை போட்டிருக்காங்க.

பெரியவன் எங்கேன்னு யாராவது கேட்டா, வெளியூர்ல பெரிய கம்பெனில வேலைன்னு அம்மா சொல்றாங்க. நேத்து மொட்டை மாடியில நான் துணி காயப்போட்டுட்டு இருந்தேன். கீழ் வீட்டம்மா, "பிள்ளையைப் பிரிஞ்சு எப்படித்தான் இருக்கீங்களோ"ன்னு அம்மாகிட்ட கேட்டாங்க. அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க.

"என்னங்க பண்றது? எங்க இருந்தாலும் பிள்ளை சந்தோஷமா இருந்தா போதும். பெத்தவங்களுக்கு வேற என்ன வேணும்?"