முகாம் இல்லாத பாலம்

பழுகாமத்துக்குப் போகும் படகுத்துறையில் சிப்பாய் என் பையைக் கவிழ்க்கிறான். சுனாமி நிவாரணமாகக் கொடுத்த நீலத் தறப்பாள்தான் அவன் காவலரணுக்குக் கூரை. பையிலிருந்து நாவல் ஒன்று விழுகிறது. ஆயுள் முழுக்க இங்கிலாந்துச் சிற்றூர்களைப் பற்றியே எழுதிய ஒரு பிரெஞ்சுக்காரருடையது. முன்பக்கத்தில் கதை நடக்கும் ஊரின் வரைபடம்: தேவாலயம், பாலம், பத்துப் பன்னிரண்டு வீடுகள்.

அவன் விரல் பாலத்தில் நிற்கிறது. "முகாம் எங்க?"

"இது இங்கிலாந்து, ஐயா. அங்கே ராணுவ முகாம் இல்லை."

"பாலம் இருக்கு, முகாம் இல்ல? பொய்." என் அடையாள அட்டையைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறான். அட்டை இல்லாதவன் இந்தப் பக்கம் வீடுபோய்ச் சேர்வது நிச்சயமில்லை.

பின்னால் மீன்கூடையோடு நிற்கும் யாரோ ஒரு அம்மா கிசுகிசுக்கிறாள்: "அந்தத் தாளக் கிழிச்சு அவருக்கிட்டயே குடுங்க மகனே."

கிழித்துக் கொடுக்கிறேன். அட்டை திரும்பி வருகிறது.

படகில் அவள் கேட்கிறாள்: "மெய்யாத்தான் அங்க முகாம் இல்லியா?"

"ஓம்."

"அப்ப அந்தச் சனம் பாலத்தால போக ஆருக்கிட்டக் கேக்கும்?"