சாந்தாமணி தேர்ந்தெடுத்த மதர்போர்டு

1999 அக்டோபரில், டெக்சஸ் மாநிலத்து ரிச்சர்ட்சன் நகரில், ஒரே குடியிருப்பு வளாகத்தில் வசித்த நான்கு தமிழ்க் குடும்பங்கள் ஒரு முடிவுக்கு வந்தன. விளையாட்டுக்கான கணினியைக் கடையில் முழுதாக வாங்காமல், பாகங்களை வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்வது. பிறகு நான்கையும் கேபிளால் இணைத்து, வார இறுதிகளில் ஒருவரையொருவர் திரையில் சுட்டு வீழ்த்துவது. முதல் கணினி ரஞ்சித்குமார் வீட்டில் தயாராகும். அது ஒழுங்காக ஓடினால், எல்லாப் பாகங்களும் செருகப்படும் அடிப்படைப் பலகையான மதர்போர்டை மற்ற மூவரும் அதே ரகத்தில் வாங்குவார்கள். எந்த மதர்போர்டு என்று முடிவு செய்யும் பொறுப்பு ரஞ்சித்குமாரின் மனைவி சாந்தாமணியிடம் வந்தது.

சாந்தாமணி பொள்ளாச்சியில் கணிதம் படித்தவர். கணவரைச் சார்ந்த எச்-4 விசாவில் வந்ததால் வேலைக்குப் போக அனுமதி இல்லை. கணினியின் உட்புறத்தை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நூலகத்தில் பத்திரிகைகளைப் படித்தும், பழைய கணினி ஒன்றைப் பதினோரு முறை பிரித்துப் பூட்டியும் தாமே கற்றுக்கொண்டார். பதினோரு முறைக்கும் தேதியிட்ட குறிப்பு உண்டு. அமெரிக்கா வந்த இரண்டு ஆண்டுகளில் பிறர் நம்பி ஒப்படைத்த முதல் வேலை என்பதால், இதை வேலையாகவே செய்தார்.

மூன்று வாரங்களில் ஆறு மதர்போர்டுகளை ஆராய்ந்தார். காலை உணவு அட்டைப்பெட்டியைக் கிராபிக்ஸ் கார்டின் அளவுக்கு வெட்டி, மதர்போர்டின் வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தார். இரண்டில் கார்டின் நுனி மெமரியின் மேல் இடித்தது, அவை நீங்கின. மீதி நான்கில் ஒன்றை மிக உறுதியாகச் சிபாரிசு செய்தவர் வெங்கடகிருஷ்ணன். எதிர் வீட்டுக்காரர், சென்னைக்காரர், ரஞ்சித்குமாரின் அலுவலக நண்பர். தமக்குத் தெரியாத கணினிப் பாகம் இனிமேல்தான் தயாரிக்கப்பட வேண்டும் என்று நம்புபவர்.

"இதப் பாருங்க சிஸ்டர், கிராபிக்ஸ், சவுண்டு எல்லாமே போர்டுலயே இருக்கு. தனித்தனியா எதுக்கு அலையணும்?"

"இருக்குதுங்ணா. ஆனா தனியா கிராபிக்ஸ் கார்டு செருகறதுக்கு ஸ்லாட் இல்லீங்களே. நாளைக்கு நல்ல கார்டு வந்தா எங்க கொண்டு போய் வெப்பீங்க?"

"அத அப்போ பார்த்துக்கலாம்."

"நான் இப்பவே பாத்துட்டேனுங்ணா" என்று அச்செடுத்து வைத்திருந்த தாள்களை நீட்டினார் சாந்தாமணி. கார்டுக்குத் தனி ஸ்லாட்டும், மெமரிக்கு மூன்று ஸ்லாட்டுகளும், பிராசஸரை மேலும் வேகமாக ஓட்டிப் பார்க்க வசதியும் கொண்ட மதர்போர்டை அவர் தேர்ந்தெடுத்திருந்தார். வெங்கடகிருஷ்ணன் தாள்களைப் படிக்காமலே மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

சனிக்கிழமை பிற்பகல், சாப்பாட்டு மேசையில் வேலை தொடங்கியது. சாந்தாமணியின் நோட்டுப் புத்தகத்தில் சரிபார்க்க வேண்டியவை முப்பத்தொரு வரிகள். ஒவ்வொரு வேலை முடிந்ததும் நேரம் எழுதி ஒரு டிக். கடைசி டிக் போட்டதும் குக்கர் விசில் கேட்டு உள்ளே போனார். அவர் திரும்பியபோது, வெங்கடகிருஷ்ணன் கணினியின் பின்பக்கம் குனிந்து வயர்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்.

"ரெடி சிஸ்டர். ஆன் பண்ணுங்க."

பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார். விசிறி ஒரு துடிப்புத் துடித்து நின்றது.

"போர்டு டெட்" என்றார் வெங்கடகிருஷ்ணன். சொன்னதோடு நில்லாமல், நான்கு குடும்பங்களில் இன்னொன்றைச் சேர்ந்த ராமசுப்ரமணியனுக்கு உடனே போன் போட்டார். "சிஸ்டர் செலக்ட் பண்ண போர்டு அவுட்டுப்பா. நாளைக்கு ரிட்டர்ன் பண்ணிட்டு நான் சொன்னதையே வாங்கிடலாம்."

"விடு சாந்தி, பத்துல ஒண்ணு அப்படித்தான் வரும்" என்றார் ரஞ்சித்குமார். அந்த ஆறுதல்தான் சாந்தாமணியை அதிகமாகச் சுட்டது.

"போர்டு மேல தப்புன்னு யாரு பாத்தாங்க?"

"ஆன் ஆகலயே சிஸ்டர், வேற என்ன பார்க்கணும்?"

"முப்பத்தொண்ணு பாக்கோணும்ங்ணா."

கணவர் கையில் டார்ச்சைக் கொடுத்துவிட்டு, முதல் வரியிலிருந்து உரக்கப் படிக்கத் தொடங்கினார். பிராசஸர் சரி. மெமரி சரி. கார்டு சரி. வெங்கடகிருஷ்ணன் சோபாவில் சாய்ந்து கொட்டாவி விட்டார்.

"பத்தொம்பது. பவர் சப்ளை பின்னால சின்ன சிவப்பு ஸ்விட்ச், 115 வோல்ட். மூணு நாப்பதுக்கு டிக் பண்ணியிருக்கேன்."

ரஞ்சித்குமார் டார்ச் அடித்தார். "சாந்தி, இங்க 230ன்னு காட்டுதே?"

அமெரிக்க மின்சாரத்துக்கு 115. இந்திய மின்சாரத்துக்கு 230. 230இல் வைத்தால் இங்குள்ள மின்சாரம் போதாமல் கணினி கிளம்பாது. இருவரும் சோபாவைப் பார்த்தனர். வெங்கடகிருஷ்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான்தான் மாத்தினேன்" என்றார் மெதுவாக. "சென்னையில, ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின கம்ப்யூட்டர் பெட்டிய ஒரு தடவை 115லயே விட்டு ஆன் பண்ணிட்டேன். டமால்னு வெடிச்சு வீடு பூரா புகை. அதுலேர்ந்து எந்தப் பெட்டியப் பார்த்தாலும் கை தானா அங்க போயிடுது."

"யோவ், இது டெக்சஸ்யா!" என்றார் ரஞ்சித்குமார். "உனக்கு விசா குடுத்தவன் உன் கைக்குக் குடுக்க மறந்துட்டானா?"

சாந்தாமணி சிரிப்பை அடக்கிக்கொண்டு மின்கம்பியைப் பிடுங்கினார். ஸ்விட்சை 115க்குத் தள்ளினார். மீண்டும் செருகி அழுத்தினார். விசிறி சுழன்றது. எல்லாம் சரி என்பதற்கான ஒரே ஒரு பீப் ஒலி. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின: பிராசஸரின் பெயர், மெமரியின் அளவு, எல்லாம் அவர் எழுதி வைத்திருந்தபடியே.

"ஏனுங்ணா, போர்டு அவுட்னு போன் பண்ணிச் சொன்னீங்கல்ல?"

"ஆமா."

"அதே நம்பருக்கு இன்னொருக்கா பண்ணுங்க."

வெங்கடகிருஷ்ணன் தலையைச் சொறிந்தபடி போனை எடுத்தார். "ராமசுப்ரமணியன், போர்டு சூப்பரா ஓடுது. தப்பு என்னோடதுதான். சிரிக்காதய்யா. இரு, சிஸ்டர்கிட்டயே பேசு."

"மேடம், அப்போ எனக்கும் இதே போர்டு ஆர்டர் பண்ணிடலாமா?" என்றது மறுமுனை.

"உங்க கம்ப்யூட்டர் கேபினட்டுக்கு உள்ளளவு எத்தனைங்க? போர்டு உள்ள அடங்கோணுமில்ல."

"அளவா? எல்லா கேபினட் மாதிரியும்தான் இருக்கும் மேடம்."

"அளந்து சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கறேன்."

மறுமுனையில் மேசை இழுப்பறைகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்படும் ஓசையும், அளவு டேப் எங்கே என்று ராமசுப்ரமணியன் தம் மனைவியைக் கேட்கும் குரலும் வந்தன. சாந்தாமணி புதிய பக்கத்தைப் புரட்டி, மேலே ராமசுப்ரமணியனின் பெயரையும் தேதியையும் எழுதிக்கொண்டு காத்திருந்தார்.