செத்துவிட்டதாக அலமேலம்மா சொன்ன ஆலமரம்

எங்கள் அலுவலகத்தில் காலையில் முதலில் மணியடிப்பது அலமேலம்மாவின் மேசையில் இருக்கும் தொலைபேசிதான். போன செவ்வாய்க்கிழமை அது அடித்தபோது நாற்காலியில் ஆள் இல்லை. அவர் மூன்று வாரமாக ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் எழுந்துபோய் எடுத்தேன். அவருடைய தங்கை கணவர் மாட்டுங்காவிலிருந்து பேசினார்.

"தேவராஜ் சார்தானே? அலமேலு விடியக்காலம் போயிட்டா. ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் நீங்களே சொல்லிடுங்கோ."

சரி என்று சொல்லி வைத்துவிட்டு, அலமேலம்மா எப்போதும் செய்வதுபோல, வந்த செய்தியை ஒரு சீட்டில் எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான், அதை யார் மேசையில் வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

பம்பு விற்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் நாங்கள் இருவரும் பதினெட்டு வருடம் வேலை பார்த்தோம். அவர் முதலாளியின் ஸ்டெனோ. நான் கடிதப் போக்குவரத்துக் குமாஸ்தா. அவர் மாட்டுங்காவில் தங்கை குடும்பத்தோடு மூன்றாவது மாடியில் இருந்தார்; நான் தாராவியில். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றி நான் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை. நம் தமிழ்ச் சங்கத்து இதழைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். வாடிப்போன தொட்டிச் செடியை எடுத்துக்கொண்டு அந்த மூன்று மாடி ஏறியவர்கள் உங்களில் எத்தனையோ பேர்.

மரம் பார்க்கும் வித்தை அவருக்கு வந்த வழி வேடிக்கையானது. எங்கள் முதலாளி ஒரு பார்சிக்காரர். ஆழமில்லாத தட்டுகளில் ஜப்பான்காரர்கள் குள்ளமாக வளர்க்கும் போன்சாய் மரங்களின்மேல் அவருக்குப் பெரிய பைத்தியம். சனிக்கிழமைகளில் தம் செம்பூர் பங்களா மொட்டைமாடியில் கிளைகளை வளைப்பதற்காக மரங்களுக்குக் கம்பி சுற்றிக்கொண்டே அலமேலம்மாவுக்குக் கடிதம் சொல்லுவார். கடிதத்துக்கு நடுவில் மரத்தைப் பற்றியும் பேசுவார். அலமேலம்மா எல்லாவற்றையும் சுருக்கெழுத்தில் எழுதிக்கொள்வார். ஒருமுறை நாசிக்கில் இருந்த ஒரு பம்பு வியாபாரிக்குப் போன கடிதத்தில், வேரில் மூன்றில் ஒரு பங்கை மழைக்கு முன்பே வெட்டிவிட வேண்டும் என்று இருந்தது. வியாபாரி பதில் எழுதி விளக்கம் கேட்டிருந்தார். முதலாளி அன்று முழுவதும் சிரித்தார். அலமேலம்மா மட்டும் அந்தக் கடிதத்தின் நகலைக் கிழிக்காமல் வைத்துக்கொண்டார். அதில் இருந்த விஷயம் சரியானது என்று சொன்னார்.

அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஓர் ஊசியிலை மரம். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு வியாபாரி முதலாளிக்கு அதைப் பரிசாகக் கொடுத்திருந்தார். கரும்பச்சையாக, பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. அலுவலகத்து வரவேற்பறையில் வைத்தோம். எல்லாரும் சுற்றி நின்று பார்த்தோம். அலமேலம்மா ஒரு கிளையை இரண்டு விரலால் தடவி, அடிமரத்தில் நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்துவிட்டு, "இது போன மாசமே செத்துப் போச்சு" என்றார். முதலாளி சிரித்தார். "பச்சையா இருக்கே" என்று நானே சொன்னேன்.

"இந்த ஜாதி மரத்துக்குத் தான் செத்தது தெரிய நாளாகும் தேவராஜ். பச்சையை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

ஐந்தாவது வாரம் அது ஒரேயடியாகப் பழுத்து உதிர்ந்தது. அதற்குப் பிறகு அவர் சொன்னதை யாரும் மறுத்துப் பேசியதில்லை. அவரும், உண்மையைச் சொல்வதென்றால், தன் வாக்கைத் தானே கொஞ்சம் அதிகமாக நம்பத் தொடங்கினார். அவரைப் புகழ்ந்து மட்டும் எழுதினால் அவருக்கே பிடிக்காது என்பதால் இதைச் சொல்கிறேன்.

அவர் மரம் பார்ப்பதில் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் பட்டையை நகத்தால் கீறுவார். உள்ளே பச்சை தெரியாவிட்டால் இன்னும் கீழே இறங்கிக் கீறுவார். சின்னக் குச்சியை வளைப்பார். உயிருள்ள குச்சி வளையும், மற்றது முறியும். கடைசியாக மண்கட்டியோடு மரத்தைத் தட்டிலிருந்து தூக்கி வேரைப் பார்ப்பார், முகர்ந்தும் பார்ப்பார். "மேல ஒண்ணும் இல்லேன்னாலும் கீழ இருக்கலாம். வேரைப் பார்க்காம வாயைத் திறக்கப்படாது" என்பார்.

முதலாளி இறந்து நாலைந்து மாதம் ஆகியிருக்கும். அவர் மனைவி ஷிரீன்பாய் துக்கத்துக்காகப் பூனாவில் தமக்கை வீட்டில் தங்கியிருந்தார். மரங்களைப் பார்த்துக்கொள்ள அமர்த்தியிருந்த தோட்டக்காரர் லீவில் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. மே மாதம் ஷிரீன்பாய் வந்து கதவைத் திறந்தபோது மொட்டைமாடியில் பதினொரு தட்டுகளிலும் இலை என்று ஒன்றுகூட இல்லை. அலமேலம்மாவுக்கு ஆள் அனுப்பினார். தட்டுகளைத் தூக்க ஒரு கை வேண்டுமென்று அவர் என்னையும் அழைத்துப் போனார்.

அந்த வெயில் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தளத்தில் கால் வைக்க முடியவில்லை. அலமேலம்மா ஒவ்வொரு மரமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். மூன்றில் உயிர் இருந்தது. கடைசியில் நின்றது ஆலமரம். முதலாளி இருபது வருடம் கையால் வளைத்து வளர்த்தது, ஒரு முழ உயரம், விழுதுகூட இறங்கியிருந்தது. ஷிரீன்பாய் அதன் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஸச் போலோ, அலமேலு. உண்மையைச் சொல்லிவிடு. இன்னும் காத்திருக்க என்னால் முடியாது" என்றார்.

அலமேலம்மா மூன்று இடத்தில் கீறினார். மூன்றும் பழுப்பு. குச்சிகள் படபடவென்று முறிந்தன. மரம் தட்டோடு செப்புக் கம்பியால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. தூக்கிப் பார்க்கவேண்டுமென்றால் கம்பியை வெட்ட வேண்டும், அதற்குக் கொஞ்ச நேரமாகும். அவர் ஷிரீன்பாயின் முகத்தைப் பார்த்தார். பிறகு, "இல்லை பாய். போயிடுத்து" என்றார்.

ஷிரீன்பாய் சத்தமில்லாமல் அழுதார். பிறகு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்து, தட்டுகளை மட்டும் வைத்துவிட்டு, செத்த மரங்களை எடுத்துப்போகச் சொன்னார். எட்டு மரங்களையும் தட்டிலிருந்து பிடுங்கிச் சாக்கில் போட்டவன் நான்தான். அந்த ஆலின் வேரில் எங்காவது உயிர் ஒட்டியிருந்ததோ என்னவோ, எனக்குப் பார்க்கத் தெரியவில்லை. அலமேலம்மா அந்நேரம் கீழே ஷிரீன்பாயோடு இருந்தார்.

எங்கள் அலுவலகத்தைப் பெருக்கும் பேச்சியம்மாள் அடுப்புக்கு விறகாகும் என்று கேட்டதால் சாக்கை அவரிடம் கொடுத்தோம். பேச்சியம்மாள் எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர், தாராவியில் எனக்கு இரண்டு சந்து தள்ளி வீடு.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும் வழியில் அந்தச் சந்தில் நுழைந்தேன். பொதுக் குழாயடியில், தண்ணீர் சொட்டும் இடத்தில், கம்பி சுற்றிய ஒரு கட்டை சாய்ந்து கிடந்தது. அதன் தூரில் ஐந்தாறு செந்தளிர்கள். செப்புக் கம்பியைப் பார்த்ததும் அது எந்த மரம் என்று தெரிந்துவிட்டது. பேச்சியம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அதுவாண்ணே? அடுப்புல வச்சேன், எரியல. வெறும் புகையாத்தான் வந்துச்சு. சரி கெடக்கட்டும்னு இங்கன தூக்கிப் போட்டேன். இப்பப் பாருங்க, தளுத்துக்கிட்டு வருது."

பத்து நாள் நான் இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். ஷிரீன்பாய் மனதைத் தேற்றிக்கொண்டுவிட்டார். அலமேலம்மாவுக்கோ இது பெரிய அடி. சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் தினமும் எதிர் மேசையில் அவர் முகத்தைப் பார்க்கப் பார்க்க என்னால் மறைத்துவைக்க முடியவில்லை. கடைசியில் ஒரு மத்தியானம் அவர் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்று சொன்னேன்.

அவர் அந்தக் கடிதத்தை முடித்தார். தாளை உருவி, மெஷினுக்கு உறை போட்டார். "எங்கே இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

சாயங்காலம் மழையில் இரண்டு பேரும் ரயில் பாலத்தைத் தாண்டி நடந்துபோனோம். குழாயடியில் தண்ணீருக்கு நின்ற பெண்கள் வழிவிட்டார்கள். பட்டுக்கரைப் புடவையை முழங்காலில் சேர்த்துக்கொண்டு அவர் அந்தச் சேற்றில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மரத்தைத் தொடவில்லை. வெகுநேரம் பார்த்தார்.

"வேரைத் தூக்கிப் பார்த்திருக்கணும். பார்க்கலை" என்றார். "அவா அழறதைப் பார்க்க முடியலை. சீக்கிரம் முடிச்சுடணும்னு தோணித்து. அவ்வளவுதான்."

பேச்சியம்மாள் பயந்துபோயிருந்தார். "நீங்க வேணா எடுத்துட்டுப் போங்கம்மா, நான் ஒண்ணும் திருடல."

"ஐயோ பேச்சி, நான்தானே வேண்டாம்னு கொடுத்தேன். இது உன்னோடது. இந்த இடத்தை விட்டு மட்டும் இப்போ நகர்த்தாதே."

மறுநாளே செம்பூருக்குப் போனார். வரவேண்டாமென்று சொல்லியும் நான் கூடப் போனேன். ஷிரீன்பாய் எங்களை உட்காரச் சொன்னார். அலமேலம்மா உட்காரவில்லை. "நான் தப்பாச் சொல்லிட்டேன் பாய். அந்த மரம் உயிரோட இருக்கு" என்று நின்றபடியே இந்தியில் சொன்னார், எங்கே இருக்கிறது, யாரிடம் இருக்கிறது, தான் எதைப் பார்க்காமல் விட்டது, எல்லாவற்றையும் சொன்னார். என்மேல் ஒரு வார்த்தைகூட வராமல் பார்த்துக்கொண்டார். மரத்தைப் பிடுங்கியவன் நான் என்பதை நானாகச் சொல்ல வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

ஷிரீன்பாய் சொன்னதை என் நினைவில் இருந்து எழுதுகிறேன்: "உன் பேச்சை நம்பி நான் அழுது முடித்துவிட்டேன். இப்போது வந்து சொன்னால் நான் என்ன செய்வது? நீ போ."

திரும்பும் பஸ்ஸில் அலமேலம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று நான் மெதுவாகக் கேட்டேன். "அவாளோட மரம் உயிரோட இருக்கு. அது அவாளுக்குத் தெரியணும். என்னைப் பத்தி என்ன நினைச்சுக்கறாங்கிறது வேற விஷயம்" என்றார்.

அதன் பிறகு செம்பூரிலிருந்து அவருக்கு அழைப்பு வரவில்லை. அந்த வீட்டு மொட்டைமாடியில் பிழைத்த மூன்று மரங்களை வேறு யாரோ பார்த்துக்கொண்டார்கள். அது அவரை எவ்வளவு வருத்தியது என்று எனக்குத் தெரியும். மறுவருடம் மழைக்கு முன்னால் ஒருநாள் அந்த வீட்டு டிரைவர் அலுவலகத்துக்கு ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். பிரித்தால் ஆலமரம் இருந்த பழுப்புத் தட்டு. சீட்டு எதுவும் இல்லை. அலமேலம்மா அதை இரண்டு கையாலும் வாங்கி, கைக்குட்டையால் துடைத்து, பேச்சியம்மாளைக் கூப்பிட்டுக் கொடுத்தார். மரம் நன்றாகத் தேறியபின் இருவருமாக அதில் வைத்தார்கள். இன்றும் அந்தச் சந்தில், பேச்சியம்மாள் வீட்டுக் கூரைத் தகரத்தின் கீழ் அது இருக்கிறது. வடிவம் போய்விட்டது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, தன் இஷ்டத்துக்கு வளர்ந்திருக்கிறது.

அதற்குப் பிறகு மூன்றாவது மாடிக்கு மரம் கொண்டுபோனவர்கள் கவனித்திருப்பீர்கள். அவர் உடனே தீர்ப்புச் சொல்வதில்லை. "இன்னிக்குத் தெரியலை. நிழல்ல வச்சு ஒரு மழை பாருங்கோ" என்பார். சிலருக்கு அது பிடிக்கவில்லை. முன்போல இல்லை, கைராசி போய்விட்டது என்றுகூடச் சொன்னார்கள். அது அவர் காதுக்கும் வந்தது. அவர் மறுத்துப் பேசவில்லை.

அவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் கடைசியாக நான் பார்த்தபோது கால்கள் வீங்கியிருந்தன. டாக்டர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். "கேட்டேன். பெரிய டாக்டர் நாளைக்குச் சொல்றேன்னார். பாவம், நல்ல மனுஷன்" என்றார். பிறகு என் மூத்த மகளுக்குப் பரீட்சை எப்படி நடந்தது என்று கேட்டார்.

செவ்வாயன்று மாட்டுங்கா வீட்டு வாசலில் நான் நின்றபோது எதிர்ப்புறச் சுவரோரம் பேச்சியம்மாளும் நின்றிருந்தார். எல்லாம் முடிந்து இருவரும் தாராவிக்கு நடந்தோம். பாலத்தின்மேல் வந்தபோது அவர் சொன்னார்: "மாசம் ஒரு ஞாயித்துக்கெழம வந்துருவாகண்ணே. மரத்தப் பாக்கத்தான் வாறாகன்னு நெனச்சேன். ரெண்டு நிமிஷம் பாப்பாக, அப்புறம் ஒரு மணி நேரம் என்கிட்டதான் பேசிக்கிட்டு இருப்பாக. நான் போட்ட டீயக் குடிப்பாக." இது எனக்குத் தெரியாது. அலமேலம்மா ஒருநாளும் சொன்னதில்லை.

வியாழக்கிழமை அலுவலகத்தில் ஒரு கோப்பு காணவில்லை என்று பியூன் கண்பத்தை எல்லார் எதிரிலும் கடிந்துகொண்டேன். சாயங்காலம் அது என் இழுப்பறையிலேயே இருந்தது. மற்ற நாளாக இருந்தால் சத்தமில்லாமல் அலமாரியில் செருகியிருப்பேன். எழுந்துபோய், காலையில் இருந்த அத்தனை பேரும் இருக்கும்போதே, தப்பு என்னுடையது என்று கண்பத்திடம் சொன்னேன். அவர் சரி என்பதுபோல "டீக் ஹை, ஸாப்" என்று சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்த்தார். அலமேலம்மாவிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அந்த நடை. என் மேசையிலிருந்து கண்பத்தின் ஸ்டூல்வரை, பத்தடி இருக்கும்.