சகாயமேரியின் கடலில் முளைத்த களை

என் தம்பி மாரப்பன் உப்பு லாரி டிரைவர். தூத்துக்குடியில் உப்பு ஏற்றி பெங்களூரில் இறக்குவான். போகிற வழியில் காரிமங்கலம் தாண்டி வண்டியை ஓரம் கட்டிவிட்டு, எங்கள் ஊருக்கு நடந்து வந்து குளித்துச் சாப்பிட்டுப் போவான். எண்பத்தி ரெண்டில் ஒரு நாள் அப்படி வந்தவன், கூடவே ஒரு பெண்ணையும் கூட்டி வந்தான். "அக்கா, இவ பேரு சகாயமேரி. ரிஜிஸ்தர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டோம்" என்றான். லோடு இறக்கியாச்சு என்று சொல்வதைப் போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தப் பெண்ணோ நேரே என் கையைப் பிடித்துக்கொண்டு, "மைனி, குடிக்க ஒரு செம்பு தண்ணி தாரீங்களா?" என்றாள். நாத்தனாரை அவர்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். யாருக்கு யாரடி மைனி என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். கடைசியில் தண்ணீர்தான் கொடுத்தேன்.

சகாயமேரியோடு சண்டை போட முடியாது என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. நானோ பால்வாடி டீச்சர். நான் புருவத்தைத் தூக்கினால் அழுகிற பிள்ளைகூட வாயை மூடிக்கொள்ளும். அவளிடம் அது பலிக்கவில்லை. திட்டினால் சிரிப்பாள். இன்னும் திட்டினால் கருவாட்டுக் குழம்பை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்து, "சாப்பிட்டுட்டு மிச்சத்த வையுங்க மைனி" என்பாள். களிக்கு அந்தக் குழம்பு இருக்கிறதே, அடடா! முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டு போன தெருப் பெண்கள், பிறகு ஆளுக்கொரு கிண்ணத்தோடு வந்து நின்றார்கள். சாமந்தித் தோட்டத்துக்கு எங்களோடு பூப்பறிக்க வந்தாள். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து தர்மபுரி சர்ச்சுக்குப் போய்ப் பூசை பார்த்துவிட்டு வந்தாள். எங்கள் ஊரில் அவளுக்கு எல்லாமே பிடித்திருந்தது.

குறை என்று ஒன்றுதான். அவளுடைய அப்பா தொம்மை, தூத்துக்குடியில் சங்கு குளிக்கிறவர். மூச்சைப் பிடித்துக்கொண்டு கடலடிக்குப் போய்ச் சங்கு பொறுக்கி வருகிற தொழில். வேற்று மதத்தான், அதுவும் கடலையே அறியாத ஊர்க்காரன் ஒருவனை மகள் கட்டிக்கொண்டாள் என்றதும், இனிமேல் இந்த வாசப்படியை மிதிக்காதே என்று சொல்லிவிட்டாராம். இவளும் அப்பனுக்குத் தப்பாத மகள். அவராகக் கூப்பிடாமல் போகமாட்டேன் என்று இருந்துவிட்டாள். தூத்துக்குடிக்குப் போகிற லாரி ரோட்டோரம் நிற்கிறது. ஏறி உட்கார்ந்தால் அம்மா வீடு. ஏறமாட்டாள். லாரி வந்ததும் புருஷன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தார்ப்பாயை இழுத்து, கடல் வாசம் ஒட்டியிருக்கிறதா என்று முகர்ந்து பார்ப்பாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

மாரப்பனுக்கும் பொறுக்கவில்லை போலிருக்கிறது. தர்மபுரியில் படங்களுக்குச் சட்டம் போடுகிற அன்வர் பாஷாவிடம் சொல்லி, ஒரு ஆள் உள்ளே படுத்துக்கொள்ளலாம் போல ஒரு கண்ணாடித் தொட்டி செய்ய வைத்தான். பெங்களூரிலிருந்து காற்று ஊதுகிற மோட்டார் வந்தது. தூத்துக்குடியிலிருந்து டிரம் டிரம்மாகக் கடல் தண்ணீர் வந்தது, கடல் கல் வந்தது. "ஏன்டா, ஊர்ல குடிக்கத் தண்ணி இல்ல. நீ உப்புத் தண்ணிய லாரில கொண்டாந்து வூட்டுக்குள்ள ஊத்தறியே, உனக்குப் புத்திகித்தி இருக்குதா?" என்று கேட்டேன். "அவ கடலுக்குப் போமாட்டேங்கறா. அதான் கடலை இங்க கொண்டாந்துட்டேன்க்கா" என்றான். கட்டினவளுக்காக இப்படியும் ஒரு பைத்தியக்காரன்! எனக்கு மனசுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவனிடம் சொல்லவில்லை.

வலைக்காரர்களிடம் சொல்லிவைத்து ஒரு கடல் சாமந்தியும் ஒரு ஜோடிக் கோமாளி மீனும் கொண்டுவந்து விட்டான். கடல் சாமந்தி பார்வைக்குத்தான் பூ. உண்மையில் அது வாயும் வயிறும் உள்ள பிராணி. இதழ் மாதிரித் தெரிவதெல்லாம் கொட்டுகிற கைகள். மற்ற மீன்கள் பட்டால் கொட்டிவிடும், கோமாளி மீனை மட்டும் ஒன்றும் செய்யாது. அந்த இரண்டும் அதற்குள்ளேயே படுத்து எழுந்து குடித்தனம் நடத்தின. காலையில் காபி டம்ளரோடு தொட்டி முன்னால் உட்கார்ந்தால் சகாயமேரியை எழுப்ப முடியாது. தண்ணீர் வற்றுகிற அளவுக்கு, பிடித்துவைத்த மழைத் தண்ணீரை ஊற்றுவாள். கரண்ட் போனால் செம்பில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருப்பாள். அப்போதுதான் தண்ணீரில் காற்று சேருமாம். தொட்டி வந்த பிறகு தார்ப்பாய்ப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள்.

வினை ஒரு புதுக் கல்லோடு வந்தது. அதன் இடுக்கில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பழுப்புப் பூ. பெரியது குட்டி போட்டிருக்கிறது என்று மாரப்பனுக்கு ஒரே கொண்டாட்டம். சகாயமேரிக்கும் விவரம் தெரியவில்லை. அவள் கடலோரத்தில் பிறந்தவள்தான், ஆனால் கடலடியைப் பார்த்தவர் அவள் அப்பா அல்லவா? மாரப்பன் என்ன செய்தான் தெரியுமா? நாங்கள் தாத்தா காலத்திலிருந்து சாமந்தி போடுகிற குடும்பம். நுனியைக் கிள்ளினால் செடி கிளைக்கும், பக்கக் கன்றைப் பிரித்து நட்டால் இன்னொரு செடி. அந்தக் கை சும்மா இருக்குமா? பிளேடை எடுத்துப் பழுப்புப் பூவைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு கல்லிலும் ஒரு துண்டைச் சொருகி வைத்துவிட்டான். கடல் தண்ணீரில் நாற்று நட்டவன் இந்த ஜில்லாவிலேயே என் தம்பி ஒருவன்தான். "பாருக்கா, எல்லாம் வேர் புடிச்சிடுச்சு!" என்று என்னைக் கூப்பிட்டு வேறு காட்டினான்.

வேரா பிடித்தது? தொட்டியையே பிடித்தது. கல் கண்ணுக்குத் தெரியாமல் மூடியது, கண்ணாடியில் ஒட்டியது, மோட்டார்க் குழாயிலும் ஏறியது. பிடுங்கினால் உடைந்தது. உடைந்த துணுக்கெல்லாம் மறுபடி முளைத்தது. கோரைப் புல்லாவது வெயிலுக்குக் கொஞ்சம் அடங்கும், இது எதற்கும் அடங்கவில்லை. அதுவும் கொட்டுகிற ஜாதிதான். பெரிய கடல் சாமந்தியைச் சுற்றி வளைத்துக்கொண்டு கொட்டியது. தாம்பாளம் அளவுக்கு விரிந்திருந்தது சுருங்கிச் சுருங்கிக் கிண்ணம் அளவுக்கு வந்துவிட்டது. அது செத்து அழுகினால் தண்ணீர் கெட்டு, தொட்டியில் ஒரு உயிரும் மிஞ்சாது.

சாமந்திக்கு அடிக்கிற பூச்சி மருந்தில் ஒரு சொட்டு விட்டால் என்ன என்று கேட்டேன். "மைனி!" என்று அவள் போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது. பிறகு தொட்டி முன்னாலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "வீடுதான் எனக்கு இல்லன்னு ஆயிட்டு. இதுவும் போச்சுன்னா கடலும் இல்ல மைனி" என்றாள். சிரித்துக்கொண்டே இருக்கிறவள் அழுதால் பார்க்க முடியவில்லை. தம்பியைப் பிடித்து மானாங்காணியாகத் திட்டித் தீர்த்தேன்.

திட்டு வாங்கியவன் ஒரு காரியம் செய்தான். பழுப்புப் பூ ஒட்டிய ஒரு சின்னக் கல்லை அவளுக்குத் தெரியாமல் பாட்டிலில் போட்டு எடுத்துக்கொண்டு, தூத்துக்குடியில் நேரே மாமனார் வீட்டுக்குப் போனான். வாசலில் உட்கார்ந்திருந்த தொம்மை இவனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவன் பாட்டிலைப் படியில் வைத்துவிட்டு நின்றான். பெரியவர் ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு கையிலெடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். அங்கே நடந்த பேச்சை மாரப்பன் எனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறான்.

"இது எங்கருந்து வருது?"

"எங்க வூட்டுத் தொட்டில இருந்துங்க. ரொம்ப ஆயிடுச்சுங்க."

"சும்மா ரொம்ப ஆவாதே. எவன் வெட்டினான்?"

"நாந்தாங்க."

"வெட்டி எறியப் பாத்தீராக்கும்?"

"இல்லீங்க. சாமந்திக் கன்னாட்டம் இருந்துச்சு. எல்லாக் கல்லுலயும் பிரிச்சு நட்டுட்டேனுங்க."

தொம்மை பாட்டிலைக் கீழே வைத்தாராம். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். "ஏட்டி, வெளிய வந்து பாரு! இந்த லாரிக்காரரு கடலுக்குள்ள வெவசாயம் பண்ணிருக்காரு!" என்று மனைவியைக் கூப்பிட்டாராம். சிரிப்பு அடங்கியதும், "மேரி என்ன செய்யா?" என்று மெதுவாகக் கேட்டார். "அழுதுகிட்டே இருக்குதுங்க" என்றான் இவன். பெரியவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

மாரப்பன் மனசு விட்டுப்போய் உப்பளத்துக்குப் போனான். அங்கே தூறல். மூட்டை ஏற்றி முடிக்க மறுநாள் மதியம் ஆகிவிட்டது. கயிறு கட்டிவிட்டு வந்து பார்த்தால், முன் சீட்டில் மாமனார் உட்கார்ந்திருக்கிறார். காலுக்கிடையில் ஒரு டிரம். அதற்குள் மஞ்சள் உடம்பும் கறுப்புக் கோடும் குறடு போல நீண்ட வாயுமாக ஒரு வண்ணாத்தி மீன். "அந்தச் சனியன இது தின்னும். கெளம்பும் லாரிக்காரரே" என்றாராம். வழியெல்லாம் மக்கில் தண்ணீரைக் கோரிக் கோரி ஊற்றிக்கொண்டே வந்திருக்கிறார். தொப்பூர் ஏற்றத்தில் வண்டி குலுங்கியபோது டிரம்மை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாராம்.

வாசலில் அப்பாவைப் பார்த்ததும் சகாயமேரி கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டாள். கேழ்வரகு நாலா பக்கமும் சிதறியது. அவர் அவளைப் பார்க்காமல், "தொட்டி எங்க இருக்கு?" என்று என்னைக் கேட்டார். எனக்கு வந்ததே கோபம்! பெற்ற மகள் எதிரில் நிற்கிறாள், தொட்டியாம் தொட்டி. "உங்க பொண்ணு நிக்குதே, அதுக்குப் பின்னாடிதாங்க இருக்குது" என்றேன். வேறு வழியில்லாமல் அவளைத் தாண்டிப் போனார். தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "தண்ணி நல்லாத்தான வச்சிருக்க" என்றார். மகளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக டிரம்மில் கலந்து பழக்கி, மீனை உள்ளே விட்டார்கள். பெங்களூரில் உப்பை இறக்கிவிட்டு லாரி திரும்பும்போது ஊருக்குப் போய்விடுவதாகச் சொல்லித்தான் தொம்மை உட்கார்ந்தார். மீன் அவரைப் போக விடவில்லை. ஒரு கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வாயையே திறக்கவில்லை. லாரி வந்தது, போனது. பட்டினி கிடக்கிற மீனை விட்டுவிட்டு எப்படிப் போவது? அப்பாவும் மகளும் தொட்டி முன்னால் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பேசினால் மீனைப் பற்றி மட்டும்தான்.

ஒரு நாள் காலையில் நான் பால்வாடிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "ஏட்டி மேரி! கொத்திட்டு, கொத்திட்டு!" என்று பெரியவர் கத்துகிற சத்தம் கேட்டு ஓடினேன். மீன் நீண்ட வாயை ஒரு இடுக்கில் விட்டு ஒரு பழுப்புப் பூவைக் கொத்தி இழுத்தது. துணுக்கு சிதறாமல் விழுங்கியது. அடுத்ததற்குப் போனது. பெரியவர் மகளின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். பிடித்திருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. எங்கே தெரிந்துவிடப் போகிறதோ என்று அவள் மூச்சுக்கூட விடாமல் நின்றாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரே கலகலப்பு. மீன் தின்றது, பெரியவரும் தின்றார். "இத எப்படி முழுங்க?" என்று முதலில் களியை உருட்டிக்கொண்டே இருந்தவர், பிறகு இன்னொரு உருண்டை கேட்டு வாங்கினார். டீக்கடையில் உட்கார்ந்து சங்கு குளிக்கிற கதைகளை அவிழ்த்துவிட்டார். எங்கள் ஊர் ஜனம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டது. கல் ஒவ்வொன்றாக வெளுத்தது. பெரிய கடல் சாமந்தி மறுபடி தாம்பாளமாக விரிந்தது. சகாயமேரி பழையபடி சிரித்தாள். அவ்வளவு நிம்மதியாக நாங்கள் இருந்ததே இல்லை.

களை தீர்ந்தது. மீனின் பசி தீரவில்லை. தின்ன வேறொன்றும் இல்லாமல் ஒரு நாள் பெரிய கடல் சாமந்தியிடமே போய் ஒரு கொத்துக் கொத்தியது. அவ்வளவுதான், கோமாளிப் பெட்டை பாய்ந்து வந்து அதன் செவுளில் இடித்தது. தன்னைவிடப் பெரிய மீன் என்றுகூடப் பார்க்கவில்லை. துரத்தித் துரத்தி மூலையில் ஒதுக்கிவிட்டுத்தான் திரும்பியது. "பாத்தியளா, அவ வீட்ட அவ எப்படிக் காப்பாத்துதான்னு!" என்று தொம்மை என்னிடம் பெருமையாகச் சொன்னார். சொல்லிவிட்டு முகம் வாடிப்போனார். "ஆனா எத்தன நாளைக்கு வெரட்டுவா? இதுக்கு இனி இங்க தீனி கெடையாது. கடலுக்கே கொண்டு போயிரணும்."

மீன் போகிறது என்றால் அப்பா போகிறார் என்று அர்த்தம். சகாயமேரி சரியென்று தலையாட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நானும் வரட்டுமா என்று கேட்க அவள் வாய் வரவில்லை. வா என்று சொல்ல அவர் வாயும் வரவில்லை. ரெண்டு பிடிவாதத்துக்கும் நடுவில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஒருத்தரையாவது தலையில் குட்டலாம் போலிருந்தது.

மாரப்பன் பெங்களூரிலிருந்து திரும்பிய அன்று டிரம்மை லாரியில் ஏற்றினோம். தொம்மை ஏறி உட்கார்ந்து மக்கை எடுத்து நாலு தரம் கோரி ஊற்றினார். கீழே சகாயமேரி கட்டுச்சோற்றுத் தூக்கை நீட்டிக்கொண்டு நின்றாள். அவர் அதை வாங்கவில்லை. தன் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

"எனக்குக் கை கடுக்கு. வரும்போதே ஒத்த ஆளால முடியல" என்றார் டிரம்மைப் பார்த்துக்கொண்டே. "தண்ணி கோர ஒரு ஆள் வேணும்லா?"

சகாயமேரி தூக்கை இன்னும் உயர்த்திப் பிடித்தாள்.

"ஏட்டி, ஒன்னத்தான் சொல்லுதேன். ஏறு. அங்க ஒங்கம்மையும் தெனம் கேக்கா."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மைனி, தொட்டி…" என்றாள்.

"தொட்டிய நான் பாத்துக்கறேன்டி. கரண்டு போனா மொண்டு ஊத்தணும், அவ்ளோதான? போடி, மொதல்ல ஏறு!" என்று அதட்டினேன்.

மாற்றுப் புடவைகூட எடுக்காமல் ஏறினாள். அப்பா கையிலிருந்த மக்கை வாங்கிக்கொண்டாள். மாரப்பன் வண்டியைக் கிளப்பினான். என்ஜின் சத்தத்துக்கு மேலே தொம்மையின் குரல் எனக்கு நன்றாகக் கேட்டது.

"மாப்பிள்ள, தொப்பூர் எறக்கத்துல மெள்ள விடும். வண்டில எம்மவ இருக்கா."

இத்தனை நாளும் லாரிக்காரரே என்று மட்டும் கூப்பிட்ட மனிதர். மாரப்பன் ஹாரனை அழுத்திக்கொண்டே போனான்.